மாத்திரை முடிந்தும் இருமல் ஏன்?

பிரஸ்ஸல்ஸ்
சித்திரை 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அதற்கு முன் நீ எழுதிய இரண்டுக்கும் பதில் போடவில்லை, மன்னித்துவிடு.

பெரியவனுக்குக் கக்குவான் என்று போனில் சொன்ன இரவு நான் தூங்கவில்லை. மூணு வாரக் குழந்தை இருக்கிற வீடு. அவனை நைனாவோடு மாடியில் படுக்க வைத்தாய், டாக்டர் பாப்பாவுக்கும் உங்கள் எல்லோருக்கும் மருந்து கொடுத்தார். அதுவரை நிம்மதி. இப்போது, "அஞ்சு நாள் மாத்திரை முடிஞ்சும் இருமல் நிக்கலயே, டாக்டரை மாத்தலாமாடா?" என்று கேட்கிறாய். மாற்றாதே. இங்கே என் வேலையே இதுதான்.

மனித மூச்சுக்குழாய் செல்களை ஒரு மெல்லிய சவ்வின் மேல் வளர்க்கிறோம். கீழே அவற்றுக்குத் தீனி, மேலே வெறும் காற்று. நாலு வாரம் போனால் நுண்ணிய மயிரிழைகள் முளைத்து ஆடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கௌண்டன்யா ஆற்றோரம் நம் நெற்பயிர் காற்றில் சாய்ந்து எழுகிற மாதிரியே இருக்கும். சளியை மேலே தள்ளிவிடுவது இந்த இழைகள்தான். கக்குவான் கிருமி போய் ஒட்டுவதும் இவற்றில்தான். அது தன் சுவரிலிருந்து உதிர்க்கிற ஒரு துணுக்கு பட்டதும், பக்கத்தில் சளி சுரக்கும் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகின்றன. இழையுள்ள செல்கள் அதனால் செத்து உதிர்கின்றன. விலங்குகளின் மூச்சுக்குழாயில் கண்டறிந்தது இது. கிருமி பட்ட செல்கள் இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 8 என்று சேதி விடும். எட்டாவது, நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்களைக் கூப்பிடுகிற சேதி. அவை வந்து குவிந்தால் வீக்கம்.

மாத்திரை கிருமியைத்தான் கொல்லும், அவனிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவாது. உதிர்ந்த இழைகள் திரும்ப முளைக்க வேண்டாமா? அதுவரை சளியைத் தள்ள இருமலை விட்டால் வழியில்லை. நூறு நாள் இருமல் என்று சும்மாவா சொன்னார்கள்! ரத்தத்தில் வெள்ளணு ஏறியிருக்கிறது என்று எழுதினாயே, அது கிருமியின் இன்னொரு விஷம் செய்கிற வேலை. லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணுக்களை அது ரத்தத்தை விட்டு வெளியேற விடாது.

இந்தக் கிருமியை 1906-இல் போர்டே, ஜாங்கு என்ற இருவர் முதலில் வளர்த்ததும் இதே ஊரில்தான். உருளைக்கிழங்கும் கிளிசரினும் ரத்தமும் கலந்த தீனியில் வளர்த்தார்கள். இங்கே எல்லோருக்கும் உருளைக்கிழங்குதான் சாப்பாடு. நானும் பழகிவிட்டேன், அரிசியைவிட மலிவு. சித்திரையிலும் குளிர். ஹீட்டரைக் குறைத்தே வைத்திருக்கிறேன், அதிகச் சூடு தொண்டைக்கு ஆகாது. மேல்வீட்டுக் கிழவி தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னலில் ரொட்டி பிய்த்துப் போட்டு காக்கையைக் கூப்பிடுகிறாள். யாரோடும் பேசமாட்டாள், என்னைப் பார்த்தாலும் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் அந்தக் குரலுக்காகவே நான் ஏழு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். ஆயா கா கா என்று கூப்பிட்டுச் சோறு வைப்பது அப்படியே காதில் விழுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை அக்கா. முள்ளுக் கத்தரிக்காய் குழம்பு வாசனை நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே.

சரி, பாப்பா விஷயம். மருந்து கொடுத்தாயிற்று என்று அசந்துவிடாதே. கைக்குழந்தை கக்குவானில் பல சமயம் கூவி இருமாது. மூச்சை நிறுத்தும், உதடு நீலமாகும். அப்படிக் கண்டால் ராத்திரியானாலும் வண்டி பிடித்து வேலூர் சி.எம்.சி.க்குப் போய்விடு. ஆறாவது வார ஊசி கெங்கையம்மன் சிரசு வாரத்தில் வருகிறது. திருவிழா என்று தள்ளிப்போடாதே. பத்தாவது, பதினாலாவது வாரமும் தவறக்கூடாது. சிரசுக் கூட்டத்துக்குப் பாப்பாவைத் தூக்கிப்போக வேண்டாம், வாசலில் நின்று கும்பிட்டால் அம்மன் ஏற்றுக்கொள்வாள். ஆயா கழுதைப்பால் கேட்டால் கோபிக்காமல் நான் வேண்டாமென்றதாகச் சொல்.

அப்புறம், இந்த மாதச் சீட்டுப் பணம் பத்து நாள் தாமதமாக வரும். பேங்கில் ஏதோ கையெழுத்து, வேறொன்றுமில்லை. மாமாவிடம் வாங்கிக் கட்டிவிடு. கிணற்றுப் பங்கைப் பற்றிப் பெரியப்பா திரும்பக் கேட்டால், என் கடிதம் வரும்வரை நைனா எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். மோட்டார் யார் செலவில் வைத்தது என்ற ரசீது பீரோவில் பச்சைப் பையில் இருக்கிறது, எடுத்து நீயே வைத்துக்கொள்.

உன் தம்பி