எது என் வேலை என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

போன முறை பேசியபோது, "ஆர்டருக்கு வரையறதெல்லாம் சரி அப்பா, உங்களுக்குன்னு எப்போ வரையப்போறீங்க?" என்று கேட்டாய். அக்கறையோடுதான் கேட்டாய், தெரியும். போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கேள்வியை உன் வயதில் நானும் எனக்குள் கேட்டிருக்கிறேன். சம்பளத்துக்கு ஒரு கை, மனசுக்கு ஒரு கை என்று ஓவியனுக்கு இரண்டு கைகள் இருப்பதாக அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. ஏன் என்று, இந்த வருஷம் செய்த வேலைகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த மருத்துவமனைச் சுவர். குழந்தைகள் பிரிவுக்குப் போகும் நீளமான நடைபாதை அது. அகலம் குறைவு. எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாலும் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. ஆகவே அதை ஒரு படமாக நினைக்கவே கூடாது என்று முதல் நாளே புரிந்துவிட்டது. நடந்துகொண்டே பார்க்கிறவருக்கு, அடுத்தடுத்து ஏதாவது வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதுவும் யார் நடக்கிறார்கள்? ஒரு குழந்தையின் கண் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகும் தாயின் தோளில் சாய்ந்த குழந்தைக்குப் பின்பக்கம்தான் தெரியும். ஸ்ட்ரெச்சரில் படுத்துப் போகிற குழந்தைக்குச் சுவரின் மேல் ஓரமும் கூரையும்தான் உலகம். நான் அந்தத் தள்ளுவண்டியில் படுத்து, ஊழியர் ஒருவரைத் தள்ளச் சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பறவைகளை எல்லாம் சுவரின் மேல் ஓரத்துக்கு ஏற்றி, சிலவற்றைக் கூரை வரை வளைத்து விட்டேன். எறும்புகளும் நத்தைகளும் கீழே, முழங்கால் உயரத்தில். பெரியவர்கள் அவற்றைக் கவனிக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டியவர்கள் கவனிப்பார்கள்.

சுவர் புதிது. புதுப் பூச்சில் காரம் அதிகம். ஈரம் முழுசாக இறங்குவதற்குள் வண்ணம் தீட்டினால் உள்ளே இருக்கிற உப்பு வெளியே பூத்து, வண்ணத்தைத் தள்ளிவிடும். அதனால் காத்திருந்தேன். மருத்துவமனை என்பதால் எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் வாசனையே கூடாது, தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக் வண்ணம்தான். அக்ரிலிக்கில் ஒரு சங்கதி உண்டு: ஈரமாக இருக்கும்போது அதன் பசை பால் மாதிரி வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். எனவே காய்ந்த வண்ணம் எப்போதும் ஒரு படி அடர்ந்தே நிற்கும். பெரிய சுவரில் நேற்று விட்ட இடத்தில் இன்று தொடர வேண்டுமென்றால் இதைக் கணக்கில் வைத்துத்தான் குழைக்க வேண்டும். குழைத்ததை அட்டையில் தடவி, காயவைத்து, சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டேன். கடைசியில் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாலும் தாங்குகிற மேல்பூச்சு ஒன்று.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த நடைபாதையின் கதவுகள் எல்லாம் பச்சை. அவற்றுக்கு நடுவே யானைகளுக்காக ஒரு சாம்பல் நிறம் குழைத்தேன். கிண்ணத்தில் சுத்தமான சாம்பல், சுவரில் வைத்ததும் ரோஜா நிறம் ஏறியது போல் தெரிந்தது. வண்ணத்தில் சிவப்பு ஒரு துளிகூட இல்லை. பிரான்சில் கோபெலான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரூல் என்ற வேதியியலாளரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? கறுப்பு நூல் சரியில்லை, சோகையாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறை எதுவும் இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. அங்கிருந்து தொடங்கி, ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றிக் காட்டும் என்பதை ஆராய்ந்து 1839-ல் பெரிய நூலாகவே வெளியிட்டார். பச்சைக்குப் பக்கத்தில் சாம்பல் சிவந்து தெரிவதும் அதே விதிதான். என் யானைகளின் சாம்பலில் கொஞ்சம் பச்சையைக் கலந்தேன். கிண்ணத்தில் பார்த்தால் பாசி பிடித்த நிறம். சுவரில் சாம்பல்.

இந்தப் பச்சை கலந்த சாம்பலை எங்கே கொண்டுபோனேன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது ஓர் உருவப்படம். ஓய்வுபெற்று, காலமாகிவிட்ட ஓர் ஆசிரியர். குடும்பத்தார் கொண்டுவந்தது ஒரே ஒரு புகைப்படம், ஃபிளாஷ் போட்டு எடுத்தது. ஃபிளாஷ் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்து நிழல்களைத் துடைத்துவிடும். நிழல் போனால் எலும்பு போய்விடும், எலும்பு இல்லாத முகத்தை வரைய முடியாது. போதாததற்கு, கிட்டே நின்று எடுத்ததால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி இருந்தன. "அப்படியே வரைந்து கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். நான் அவருடைய மகனை வரச் சொல்லி, ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, நெற்றி மேட்டையும் கன்ன எலும்பையும் கோட்டோவியமாகப் போட்டுக்கொண்டேன். அப்பாவின் மண்டை அமைப்பு மகனிடம் இருந்தது. அவர் உட்கார்ந்திருக்கும்போது அப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னேன். நிறையப் பேசினார். அவர் பேசப் பேச எனக்குக் கிடைத்தது ஒன்றுதான்: மாணவன் தப்பாகப் பதில் சொன்னாலும் முடிக்கும் வரை குறுக்கிட மாட்டார்.

புகைப்படத்தில் பல் தெரியச் சிரிக்கிறார். படத்தில் அந்தச் சிரிப்பை வைக்க நான் சம்மதிக்கவில்லை. புகைப்படத்துச் சிரிப்பு ஒரு நொடியுடையது. அதை நாள் கணக்கில் வரைந்து சுவரில் வருஷக்கணக்கில் மாட்டினால் இறுகிப்போகும். வாயை மூடி, சிரிப்பைக் கீழ் இமையில் வைத்தேன். தலையைச் சற்றே சாய்த்தேன். வீட்டார் பார்த்துவிட்டு, "பசங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டிருக்கார்" என்றார்கள். இதை நான் என் வேலை இல்லை என்று எப்படிச் சொல்வேன், சொல்லு.

மூன்றாவது, நீ "உங்களுக்காக" என்று சொல்கிற வகை. நாற்காலியில் ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான். அதே நாற்காலி, அதே துணி, வெவ்வேறு வெளிச்சத்தில் படம் படமாக வரைந்துகொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. உன் அம்மா முதலில் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். இப்போது அந்த அறைக்குள் விளக்குமாறுகூட வருவதில்லை.

வெள்ளைதான் இருப்பதிலேயே கஷ்டம். டைட்டானியம் வெள்ளை நன்றாக மூடும், ஆனால் குளிர்ந்த வெள்ளை, பக்கத்தில் இருப்பதை எல்லாம் வெளுத்துவிடும். துத்தநாக வெள்ளை மென்மையானது, எண்ணெயில் காலப்போக்கில் நொறுங்கி வெடிப்பு விடும். பழைய ஆட்களின் ஈய வெள்ளை போல வளைந்து கொடுப்பது எதுவும் இல்லை, ஆனால் அது விஷம், நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. டைட்டானியத்தில் மஞ்சள் காவியை ஊசிமுனை அளவு தொட்டுச் சூடாக்கிக்கொள்கிறேன். பிறகு பார்த்தால், அந்தத் துணியில் வெள்ளை என்ற நிறம் அநேகமாக எங்குமே இல்லை. மடிப்பின் மேட்டில் மட்டும் ஒரு தீற்றல். மற்றதெல்லாம் நீலம் கலந்த சாம்பல், காவி கலந்த சாம்பல், ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மரத்திலிருந்து வந்த பச்சை கலந்த சாம்பல்.

அந்தப் பச்சைச் சாம்பல் எனக்கு மருத்துவமனை நடைபாதையில் கிடைத்தது. அங்கே யானைக்காகக் குழைக்காமல் இருந்திருந்தால், துணியின் நிழலில் அதை என் கண் பிடித்திருக்காது. ஆசிரியரின் முகத்தில் எலும்பைத் தேடியது, துணியின் மடிப்புக்குள் நாற்காலியின் கையைத் தேட உதவியது. துணி தானாக நிற்பதில்லை, உள்ளே எது தாங்குகிறதோ அதன் உருவம்தான் வெளியே தெரியும். சட்டையும் அப்படித்தான், தோலும் அப்படித்தான்.

பிரெஞ்சு ஓவியர் செசான் 1899-ல் வோலார்ட் என்ற ஓவிய வியாபாரியை வரைந்தார். தம்மை 115 முறை உட்கார வைத்ததாக வோலார்டே எழுதியிருக்கிறார். அத்தனைக்கும் பிறகு செசான் ஓரளவு திருப்தியோடு சொன்னது, சட்டையின் முன்பக்கம் மோசமில்லை என்று. கையில் இரண்டு சின்ன இடங்களில் வண்ணமே வைக்காமல் விட்டுவிட்டார். அந்த இரண்டு இடத்துக்கு நிறம் தப்பினால் முழுப் படத்தையும் அந்த இடத்திலிருந்து மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்றாராம். இந்தத் துணிக்கு முன்னால் நிற்கும்போதுதான் அதன் அர்த்தம் எனக்கு உடம்பில் ஏறுகிறது. ஒரு மூலையை மாற்றினால் எல்லாம் மாறுகிறது.

ஓவியர் பணிக்கரை நீ பள்ளியில் இருந்தபோதே உனக்குத் தெரியும், என் அலமாரியில் அவர் புத்தகம் இருந்தது. கே.சி.எஸ். பணிக்கர் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கியது 1963-ல், ஐம்பது தாண்டிய பிறகு, சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நிர்வாக வேலையைச் சுமந்துகொண்டே. அதுவரை வரைந்த விதத்தை அந்த வயதில் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொட்டார். 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அவரோடு சேர்ந்து உருவாக்கிய ஓவியர்கள், மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். பாத்திக் மெழுகைத் தொட்ட விரல் கேன்வாஸைத் தொடும்போது வேறு விரலாகிவிடவில்லை. எனக்கு அவர்களிடம் மிகப் பெரிய மரியாதை, அதுவும் முக்கியமாக இந்தக் காரணத்துக்காக.

எல்லா ஆர்டரும் ஒரே மாதிரி என்றும் நான் சொல்லவில்லை. சென்ற மாதம் ஒருவர் பிரபலமான ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி, சோபாவின் நிறத்துக்குப் பொருந்தும்படி வேண்டும் என்றார். மறுத்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதில் நான் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, வேறொருவர் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டார். நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான்: இந்த வேலையில் நான் எதையாவது புதிதாகப் பார்க்க வேண்டியிருக்குமா? ஆம் என்றால் காசு கொடுத்தாலும் என் வேலை, கொடுக்காவிட்டாலும் என் வேலை.

கண்ணைப் பற்றிக் கேட்டாய். பரிசோதனை செய்துகொண்டேன், கண்புரை இப்போதைக்கு இல்லை என்றார் மருத்துவர். வயதாக ஆக விழியின் லென்ஸ் கொஞ்சம் மஞ்சளாகும், அது எல்லாருக்கும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912-ல் கண்புரை என்று கண்டுபிடித்தார்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டது 1923-ல். இடைப்பட்ட காலத்தில் ட்யூபில் இருந்த பெயரைப் பார்த்தும், பேலட்டில், அதாவது வண்ணம் குழைக்கும் பலகையில், எது எங்கே இருக்கிறது என்ற ஒழுங்கை வைத்தும் வண்ணம் எடுத்தார். நான் அவ்வளவு நாள் தள்ளிப்போட மாட்டேன், நீ பயப்படாதே. ஆனால் பேலட்டில் நிறங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைக்கும் பழக்கத்தை நானும் வைத்திருக்கிறேன்.

எண்ணெய்த் துணிகளை மூலையில் சுருட்டிப் போடாதீர்கள் என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நீ சொன்னது சரி. ஆளிவிதை எண்ணெய் காற்றை உள்வாங்கித்தான் காய்கிறது, அப்போது சூடாகிறது, சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். இப்போது தண்ணீரில் நனைத்து, விரித்துப் போடுகிறேன்.

நீ ஆசைப்பட்ட அந்தச் சின்னப் படத்தை, காலை வெளிச்சத்துத் துணியை, உனக்கு அனுப்பப்போகிறேன். தொட்டால் ஒட்டாது, ஆனாலும் உள்ளே இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. அதனால் வார்னிஷ் போடவில்லை. ஆறு மாதமாவது போகட்டும், நான் வரும்போது வார்னிஷ் டப்பாவும் தட்டைப் பிரஷும் கொண்டுவந்து அங்கேயே போட்டுவிடுகிறேன். அதுவரை கண்ணாடி போட்டு மூடாதே. துணியால் துடைக்காதே, தூசு படிந்தால் காய்ந்த, மிருதுவான பிரஷ்ஷால் தட்டு. ஈரம் ஏறும் வெளிச்சுவர் வேண்டாம், நேர் வெயில் விழும் இடமும் வேண்டாம். அதற்காக அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடாதே, இருட்டில் வைத்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும், அப்புறம் என் வெள்ளையெல்லாம் போய்விடும்.

எந்தச் சுவரில் மாட்டப்போகிறாய், அதன் நிறம் என்ன, பகலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுது. முடிந்தால் ஒரு மத்தியானப் பொழுதில் போட்டோ எடுத்து அனுப்பு, ஃபிளாஷ் போடாமல். சட்டகத்தின் நிறத்தை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

அன்புடன்,
அப்பா