நடுவர் நாற்காலியில் உட்காரப் போகும் மகளுக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள கவி,

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடக்கும் இளையோர் பாட்டுப் போட்டிக்கு உன்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். "பிடிச்சிருக்குன்னு தோணறதும், நல்லா பாடினாங்கன்னு சொல்றதும் ஒண்ணாம்மா?" என்று வேறு கேட்டுவிட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதியே அனுப்புகிறேன். பசியாறிவிட்டு நிதானமாகப் படி.

கேட்கிறவர் யாரும் காரணம் தேடிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவதில்லை. பல்லவி முடியும் முன்பே பிடித்துவிடும், அல்லது பிடிக்காமல் போய்விடும். காரணம் பிறகுதான் வரும். அந்த அவசர முடிவில் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சில விஷயங்கள் கலந்திருக்கும். அவற்றைக் கழித்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதற்குத்தான் நீ மதிப்பெண் போட வேண்டும்.

ஏமாற்றுவதில் முதல் ஆள் சத்தம். ஒரே பதிவை இரண்டு தடவை போட்டு, இரண்டாவது தடவை ஒரு டெசிபல் மட்டும் கூட்டி வைத்தால், "சத்தம் கூடிவிட்டது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இது தெளிவாக இருக்கிறது, இதில் உயிர் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இதற்கு ஒரு காரணம்: மெல்லிய சத்தத்தில் நம் காது கீழே இருக்கும் பேஸையும் மிக மேலே இருக்கும் டிரெபிளையும் சரியாக வாங்காது, சத்தம் ஏற ஏற அவை வந்து சேர்ந்துகொள்ளும், குரல் நிறைந்த மாதிரி இருக்கும்.

முதல் சுற்றுக்குப் பிள்ளைகள் வாட்ஸ்ஆப்பில் பதிவு அனுப்புகிறார்கள் என்றாய். வந்தபடியே கேட்காதே. ஆடாசிட்டி இலவச மென்பொருள்தான். எல்லாப் பதிவுகளையும் அதில் போட்டு, லவுட்னஸ் நார்மலைசேஷன் என்ற வசதியில் ஒரே அளவுக்கு, சொல்லப்போனால் மைனஸ் 20 லஃப்ஸுக்கு (காதில் படும் சத்தத்தை அளக்கும் அலகு), கொண்டு வந்துவிட்டுக் கேள். ஸ்பாட்டிஃபையும் வழக்கமான அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14-க்குச் சமன் செய்துதான் போடுகிறது, இதே காரணத்துக்காக. குளியலறையில் நின்று பாடி அனுப்பும் பிள்ளைகளும் இருப்பார்கள். டைல்ஸ் சுவரின் எதிரொலி நீளமான ஸ்வரங்களின் நடுக்கத்தை மூடிவிடும். அந்தப் பதிவுகளில் வரி முடியும் இடத்தை விட்டுவிட்டு, வேகமாகச் சொற்கள் விழும் இடத்தைக் கேள். எதிரொலியால் அதை மறைக்க முடியாது, குழப்பத்தான் முடியும்.

மண்டபத்தில் மைக் செட்காரரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் பேசிவிடு. எக்கோவை ஒரே அளவில் வைத்துவிட்டுப் போட்டி முடியும்வரை தொடக் கூடாது. மேடை மானிட்டர், அதாவது பாடுகிறவருக்கே கேட்கும்படி மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், கண்டிப்பாக வேண்டும். மானிட்டர் இல்லாமல், 17 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும் பின்னணி இசை டிராக்கைக் கேட்டுப் பாடினால், அந்த ஒலி வந்து சேரவே 50 மில்லிநொடி ஆகும். பிள்ளை பாட்டு முழுவதும் பின்தங்கியே நிற்கும், நீ அதைத் தாளக் குறை என்று எழுதுவாய். மூன்றாவது, நடுவர் மேசையில் கைப்பேசி ஒலியளவுச் செயலியை வைத்துப் பார்த்து 80 டெசிபலை ஒட்டி நிறுத்தச் சொல். நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில்நல அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100-க்கு வந்தால் பதினைந்தே நிமிடம். நம் கல்யாண மண்டபங்களில் 100 சாதாரணம். காலையில் அப்படிக் கேட்ட காது மத்தியானம் மந்தமாகிவிடும், சாப்பாட்டுக்குப் பிறகு பாடுகிற பிள்ளைகளின் குரல் எல்லாம் மங்கலாகத் தெரியும்.

அடுத்தது கண். சியா-ஜுங் சாய் என்ற ஆய்வாளர் 2013-ல் வெளியிட்ட சோதனையை நினைவில் வை. சர்வதேசச் செவ்விசைப் போட்டிகளில் இறுதிக்கு வந்த மூவரின் துண்டுகளைக் கொடுத்து, ஜெயித்தவர் யார் என்று கேட்டார். ஒலியை மட்டும் கேட்டவர்கள் குருட்டாம்போக்குக்கு மேலே போகவில்லை. சத்தமே இல்லாமல் காட்சியை மட்டும் பார்த்தவர்கள்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். தொழில்முறைக் கலைஞர்களுக்கும் இதே கதி. கேட்டால் எல்லாரும் ஒலிதான் முக்கியம் என்று சொல்கிறார்கள், அதுதான் வேடிக்கை. அதனால் பல்லவி முடியும்வரை தலையைத் தூக்காதே. மதிப்பெண் தாளில் "மேடைத் தோற்றம்" என்று ஒரு கட்டம் இருந்தால் அதைச் சரணத்தில் பார்த்துத் தனியாகப் போடு. பட்டுப் பாவாடைக்குச் சுருதியில் இரண்டு மதிப்பெண் போய்விடக் கூடாது.

கூட்டமும் காதில் பேசும். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மற்றவர் என்ன எடுத்தார்கள் என்பதே தெரியாது. மீதிப் பேரை எட்டுத் தனிக் கூட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்தில் எந்தப் பாட்டு எத்தனை தடவை பதிவிறக்கப்பட்டது என்று காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் முன்னணிக்குப் போன பாட்டு இன்னொரு கூட்டத்தில் காணாமல் போனது. ரொம்ப நல்ல பாட்டு அடியில் விழவில்லை, ரொம்ப மோசமானது மேலே வரவில்லை, நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்டது. உன் போட்டியிலும் பெரும்பாலான பிள்ளைகள் அந்த நடுவில்தான் இருப்பார்கள். சொந்தக்காரர்கள் மூன்று வரிசை வந்து கை தட்டினால் தட்டட்டும், நீ அதற்கு முன்பே எண்ணை எழுதிவிடு. பக்கத்து நடுவர் "ம்ச்" கொட்டினாலும் திரும்பாதே.

பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரும்பத் திரும்பச் சந்தித்ததே பிடிக்க ஆரம்பிக்கும் என்று உளவியலாளர் ஜயான்ஸ் 1968-ல் எழுதிவிட்டார். மின்னல் எஃப்எம், ராகா வானொலிகளில் மாசம் முழுக்க ஓடிய பாட்டை எடுத்த பிள்ளைக்கு மேடை ஏறும் முன்பே சாதகம். பாடல் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, உனக்குத் தெரியாத பாட்டுகளை மட்டும் நாலைந்து தடவை கேட்டுவிட்டுப் போ.

வரிசையும் அப்படித்தான். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் வாசிக்கும் வரிசையைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள், ஆனாலும் முதலில் வாசித்தவர்கள் பின்தங்குவதை ஃப்ளோர்ஸும் கின்ஸ்பர்க்கும் 1996-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் ஐந்து பேருக்குப் பென்சிலில் போடு. ஆறாவது ஆள் வருவதற்குள் அந்த ஐந்தையும் ஒருமுறை பார்த்துச் சரிசெய்.

இத்தனையும் கழித்துவிட்டால் சுருதி, லயம், எதிர்பார்ப்பு என்ற மூன்று மிஞ்சும்.

சுருதியை ஓடுகிற ஸ்வரத்தில் தேடாதே, நிற்கிற ஸ்வரத்தில் பார். சுருதி உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவே 100 சென்ட் (ஸ்வர இடைவெளியின் அலகு). வேகத்தில் 15, 20 சென்ட் தவறினாலும் யாருக்கும் தெரியாது. வரி முடிந்து சட்ஜத்திலோ (ஸ) பஞ்சமத்திலோ (ப) நிற்கும்போது தெரிந்துவிடும். பெண் குரலுக்கு வழக்கமான 5 கட்டையில் ஆதார சட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். 10 சென்ட் இறங்கினால் 195-க்குச் சற்றுக் கீழே வரும், தம்புராவோடு சேர்ந்து நொடிக்கு ஒரு தடவை மெல்ல அலையும். அந்த அலையைக் கேட்கப் பழகு. வரி முடிவில் மட்டும் இறங்குகிறதா? மூச்சு போதவில்லை, எடுக்கும் இடம் தவறு. மேல் ஸ்தாயியில் மட்டும் ஏறுகிறதா? தொண்டையை இறுக்குகிறாள். முதல் வரியிலிருந்தே ஒரே அளவில் விலகி நிற்கிறதா? பெரும்பாலும் மானிட்டர் கேட்கவில்லை. அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காதே, நிறுத்தி மறுபடி பாடச் சொல்.

இதில் ஒரு இடத்தில் நல்ல நடுவர்களே வழுக்குவார்கள். தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டினால் அதற்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் (மேல் க) தானாகக் கேட்கும். அது சட்ஜத்துக்கு மேல் 386 சென்டில் இருக்கிறது. கீபோர்டின் காந்தாரமோ 400. தம்புராவில் பழகிய பிள்ளை கீபோர்டோடு பாடும்போது காந்தாரம் 14 சென்ட் இறங்கின மாதிரி இருக்கும். அவள் காதில் கோளாறு இல்லை, சுத்தமான காது இருப்பதால்தான் அங்கே நிற்கிறாள். அந்த ஸ்வரத்தில் மட்டும் விலகி, பஞ்சமத்தில் சரியாக வந்து நின்றால் முழு மதிப்பெண் கொடு.

தோடி மாதிரி ராகம் வந்தால் இன்னும் கவனம். அதன் காந்தாரத்தை அசைக்காமல் பாடினால் தோடியே இல்லை. ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவே அது ஊசலாட வேண்டும். நம் சங்கீதம் கேட்டு வளராதவருக்கு அது அபஸ்வரமாகப் படும். எது காதுக்கு இதம் என்பதில் பாதி வளர்ப்புதான். பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்கள், மேற்கத்தியர் இனிமை என்று சொல்லும் ஸ்வரக் கூட்டையும் கரகரப்பு என்று சொல்வதையும் ஒரே மாதிரி ரசிக்கிறார்கள் என்று மெக்டெர்மட் குழு 2016-ல் எழுதியது.

லயத்தில் கரோக்கி பிரிவுக்கு ஒரு சோதனை போதும். பின்தங்கிப் பாடுகிற பிள்ளை ஒவ்வொரு வரியிலும் அதே அளவு தள்ளி வந்து, அழுத்தமான அடியில் மட்டும் கச்சிதமாக இறங்கினால் அது வேண்டுமென்றே செய்வது, அழகு. இடைவெளி வரிக்கு வரி கூடினால் பிடி நழுவிவிட்டது.

மூன்றாவதான எதிர்பார்ப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூத்த பிரிவில் கல்பனா ஸ்வரம், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் எழும் ஸ்வரம், பாடுவார்கள் அல்லவா? ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, எட்டு அடி, அடிக்கு நாலாக 32 மாத்திரை. ஒரு பிள்ளை மூன்று அடியை விட்டுவிட்டு, நாலாவது அடியான நடு விரலில் தொடங்குகிறாள் என்று வை. "தா தீ • கி ண தொம்" அமைப்பில், புள்ளியையும் சேர்த்து, ஆறு மாத்திரை ஸ்வரம், ஒரு மாத்திரை நிறுத்தம், மறுபடி ஆறு, நிறுத்தம், மறுபடி ஆறு. மொத்தம் இருபது. ஏற்கெனவே போன பன்னிரண்டோடு சேர்ந்து 32, அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், பல்லவி. முதல் ஆறு புதுச் செய்தி. இரண்டாவது ஆறு வந்ததும் கேட்பவருக்குக் கணக்குப் புரிந்துவிடும், தாளமே போடத் தெரியாதவருக்கும்கூட. மூன்றாவது அவர் நினைத்த இடத்தில் வந்து விழும்போது தலை தானாக ஆடும். மொன்றியாலில் சலிம்பூரும் ஜடோரியும் 2011-ல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். பிடித்த இடம் வருவதற்குச் சற்று முன் ஒரு பகுதியிலும், வந்தே விட்டபோது இன்னொரு பகுதியிலும் டோபமின் என்ற இன்ப வேதிப்பொருள் சுரந்தது. காத்திருப்பதிலேயே பாதிச் சுகம். நடுவில் நிறுத்தத்தை விழுங்கி, மூன்றாவதை அரை மாத்திரை அவசரப்படுத்துகிற பிள்ளை எல்லா ஸ்வரத்தையும் சரியாகச் சொல்லியிருந்தாலும் யாருக்கும் சிலிர்க்காது. ஏன் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும்.

எதிர்பார்ப்பு ஒவ்வொரு வகைக்கும் வேறு. தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் உறுமி மேளத்தைக் கேட்டு "ராகம் எங்கே" என்று யாராவது கேட்பார்களா? காவடிக்காரரின் கால் ஓயாமல் இருக்கிறதா, வேகம் ஏறும்போது எல்லாரும் சேர்ந்து ஏறுகிறார்களா என்பதுதான் அங்கே கேள்வி. இடமும் கணக்கில் சேரும். கல் தரைக் கோயில் மண்டபத்தில் ஓசை அடங்க நேரமாகும், தாளமில்லாமல் பாடும் விருத்தம் அங்கே தேனாக இருக்கும், துரித ஸ்வரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். இரட்டைக் கோபுரத்து டேவான் ஃபில்ஹார்மோனிக் அரங்கில் இதற்காகவே கூரைப் பலகைகளை ஏற்றி இறக்குகிறார்கள். உன் மண்டபத்தில் அந்த வசதி இருக்காது. வேகமான பாட்டு எடுத்த பிள்ளைகளுக்கு உச்சரிப்பில் கொஞ்சம் சலுகை கொடு.

மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்று ஏற்பாட்டாளர்கள் உன்னைக் கேட்டால், நூற்றில் சுருதிக்கு 30, லயத்துக்கு 25, உச்சரிப்புக்கு 15, பாட்டைக் கொண்டுபோகும் விதத்துக்கு 25, தோற்றத்துக்கு 5 என்று சொல். "ஒட்டுமொத்த ஈர்ப்பு" என்று ஒரு கட்டம் வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, மேலே கழித்ததெல்லாம் அந்தக் கட்டத்தின் வழியாகத் திரும்பி உள்ளே வந்துவிடும். உனக்கு ரொம்பப் பிடித்துப்போன பிள்ளை இருந்தால் தாளின் பின்பக்கம் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள், கூட்டலில் சேர்க்காதே. கருத்துச் சொல்லும்போது "நன்றாகப் பாடினாய்" என்று விடாமல், எந்த வரியில் எந்தச் சொல்லில் என்ன நடந்தது என்று ஒன்றே ஒன்றைச் சொல். அதை வீட்டுக்குப் போய்ச் சரிசெய்ய முடியும்.

முதல் சுற்றுப் பதிவுகளைச் சமன் செய்து முடித்ததும், பெயர்களை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு எனக்கும் அனுப்பு. அப்பாவும் நானும் தனித்தனியாகப் போட்டு வைக்கிறோம். உன்னுடையதை முடிக்கும்வரை எங்கள் எண்களைக் கேட்காதே.

அன்புடன்,
அம்மா