நூறா, ஐந்நூறா?

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள சுந்தரம்,

அன்றைக்குப் போனில் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு ரெண்டு நிமிஷம் பேசாமல் இருந்தாயே, அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். ஆறு வருஷத்துக்கு முன் எனக்கும் அதையேதான் சொன்னார்கள். க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற சொட்டு மருந்தை விடாதீர்கள் என்று. அது சரிதான். ஆனால் ஆஸ்பத்திரிப் படி இறங்கியபின் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆறு மாசம் திண்ணையிலேயே கிடந்தேன். நீ அப்படிக் கிடக்காதே.

முதலில் பார்வைக் குறைபாட்டுச் சர்டிபிகேட். நான் போன முகாமில் சுவர்ப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். நேர்ப் பார்வை அப்போது ஓரளவு இருந்தது. நாலு வரி படித்துவிட்டேன். "நல்லாத்தானே தெரியுது" என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும்போது கதவு நிலையில் தோள் இடித்தது. இந்த நோய் ஓரங்களைத்தானே முதலில் தின்கிறது! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் பரப்பு, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் அகலம், 40 பாகைக்குக் கீழே போனால் குறைபார்வை, 10 பாகைக்கும் கீழே என்றால் பார்வையின்மை. பலகையில் எத்தனை வரி படித்தாலும் சரி. இதை எனக்குச் சொன்னவர் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு டெலிபோன் ஆபரேட்டர். "அந்தப் பரப்பை அளந்த ஃபீல்டு டெஸ்ட் தாளை ஃபைலில் மேலாக வைத்து நீட்டுங்க சார்" என்றார். நீட்டினேன். அடையாள அட்டை வந்தது. பார்வை முழுதும் போனவர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதச் சலுகை, கூட வருபவருக்கும் அதே. அதற்கு ரயில்வேயில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆபரேட்டர் இருக்கும் பார்வையற்றோர் குழுவில்தான் நானும் இப்போது இருக்கிறேன். பெரிய சங்கமெல்லாம் இல்லை. ஞாயிறு இரவு 8 மணிக்குப் போனில் கூடுவோம், பத்துப் பதினைந்து பேர். ஒருநாள் பென்ஷன் பேச்சு, ஒருநாள் சண்டை. போன வாரம் திருநெல்வேலி அக்கா ஒருத்தர் டம்ளரில் காபி ஊற்றும்போது நிறைய நிறையச் சத்தத்தின் சுருதி ஏறுவதை வைத்து எப்போது நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தார். என் பெண்டாட்டிக்கு நம்பிக்கை இல்லை, இன்னும் பக்கத்திலேயே நிற்கிறாள்.

உனக்குச் சிரிப்பு வரும், கேள். முப்பத்தொரு வருஷம் கேஷ் கவுண்டரில் கட்டுக்கட்டாக எண்ணியவன் நான். கண் போனபின் பால்காரருக்கு நூறு என்று ஐந்நூறைக் கொடுத்தேன். நல்ல மனுஷன், திருப்பித் தந்தார். இப்போதைய நோட்டில் நூறுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் அதே நாலு. நூறில் முக்கோணமும் ஐந்நூறில் வட்டமும் மேடாக அச்சிட்டிருக்கிறார்கள். புது நோட்டில் விரலுக்குத் தட்டுப்படும். மீன் மார்க்கெட் போய் வந்த நோட்டில் எல்லாம் வழுவழுதான். ரிசர்வ் வங்கி 2020-இல் 'மணி' என்று ஒரு செயலி விட்டது. கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையமும் தேவையில்லை. ஆனால் கடையில் கூட்டத்தில் நின்று போனை எடுக்க முடியுமா? குழுவில் சொன்ன வழிதான் எனக்குச் சரிப்பட்டது: நூறு மடிக்காமல், இருநூறு ஒரு மடிப்பு, ஐந்நூறு ரெண்டு மடிப்பு. வீட்டிலேயே மடித்து வைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

வெள்ளைக்கோலைக் கையில் எடுக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. தெரு முழுக்கப் பார்க்குமே என்று கூச்சம். பழக்கிவிட்டவருக்கும் பார்வை கிடையாது. வலது கால் முன்னே போகும்போது கோல் இடப் பக்கம் தட்ட வேண்டும், அடுத்து இடது கால் விழப்போகும் இடம் அதுதானே. மார்ச் பாஸ்டில் நீ கால் மாற்றி வைத்து பி.டி. மாஸ்டரிடம் அடி வாங்கியதை நினைத்துக்கொண்டேன். உனக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகலாம்.

இந்தக் கடிதத்தை நானேதான் தட்டச்சு செய்கிறேன். என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டுகிறது. குரல் எந்திரம் மாதிரிதான் இருக்கும். ஒரு வாரம் எரிச்சலாக இருந்தது, இப்போது வேகத்தைக் கூட்டிக் கேட்கிறேன்.

பயிற்சிக்கு இங்கே இடம் உண்டு. எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் மதுரையில்தான் இருக்கிறது. அவரும் பார்வை இழந்தவர். நீ வந்தால் சேர்ந்து போய் விசாரிப்போம்.

இன்னொன்று. உன் தம்பியையும் தங்கையையும் கண் அழுத்தம் பார்க்கச் சொல். இது குடும்பத்தில் வரும், பெரும்பாலும் வலியும் தெரியாது. என் அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்காமல் இருந்துவிட்டுப் போன மாசம்தான் பரிசோதனைக்குப் போனார். ஆரம்ப நிலை, தப்பித்தார்.

இன்று இரவு 8 மணிக்கு உன்னையும் லைனில் சேர்த்துவிடுகிறேன். பேச வேண்டியதில்லை, சும்மா கேள். காபி ஊற்றும் சத்தம் கேட்டால் அது நான்தான்.

உன்
ராமு