ஆம்ப் வாங்கப் போகிறாயாமே?

மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீரியலில் யார் அழுகிறார்கள் என்று என்னைச் சொல்லச் சொல்கிறாள். சரி, அது கிடக்கட்டும். உன் ஹாம் ரேடியோவின் பவரைக் கூட்ட லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு ஆம்ப் வாங்கப் போகிறாயாமே?

உன் 100 வாட்டை 400 ஆக்கினால் எதிர்முனையில் 6 டெசிபல், சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரே ஒரு புள்ளி ஏறும். அவ்வளவுதான். என் 5 வாட்டுக்கும் உன் 100க்குமே இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் மேல்தான் வித்தியாசம். அந்தக் காசில் கால்வாசியைப் போட்டு ஆன்டெனாவை உயரத்தில் ஏற்றினால் உனக்குக் காதும் சேர்ந்து திறக்கும், மெல்லிய சிக்னலும் கேட்கும். ஆம்ப் அதைச் செய்யாது.

போன வாரம் சாயங்காலம் ராயபுரம் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டு முருங்கைக்கும் நடுவே பத்து மீட்டர் நீள டைபோல் கம்பி ஆன்டெனா, பழைய யுபிஎஸ்ஸில் கழற்றிய 12 வோல்ட் பாட்டரி, காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை. 14.060 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஜப்பான்காரர் மோர்ஸில் சிக்யூ, அதாவது யாராவது பேச வாருங்கள் என்று, அடித்துக்கொண்டிருந்தார். பதில் கொடுத்தேன், ஒரு கேள்விக்குறி வந்தது. மறுபடி அடித்தேன், என் கால்சைனில், அதான் என் நிலையத்தின் அடையாளக் குறியில், பாதிதான் திரும்பி வந்தது. சிக்னல் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தது, அது ஏறுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஏறின நொடியில் இரண்டு தடவை அடித்தேன் பார், 559 கொடுத்தார், முழுசாகப் புரிகிறது என்று! ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஒரு நைட் லாம்ப் அளவு பவரில். நான் போட்ட சத்தத்தில் அம்மா கீழேயிருந்து பதறிவிட்டாள்.

அபூர்வமான தீவிலிருந்து யாராவது ரேடியோவில் வந்து, அவரைப் பிடிக்க எல்லாரும் முண்டியடிக்கும்போது நான் தோற்றுத்தான் போகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் இரவல் ஆம்பை உன் வீட்டில் போட்ட அன்று, கீழ் வீட்டு அக்கா மாடியேறி வந்து “உங்க குரல் எங்க ஸ்பீக்கர்ல கொரகொரன்னு கேக்குது”ன்னு நின்றது ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துக் கரண்ட் போனபோது இதே மாதிரி ஒரு பாட்டரியில்தான் என் ரேடியோ ஓடியது. ஆம்பை எதில் ஓட்டுவாய்?

ஞாயிறு வா. உன் பழைய மோர்ஸ் கீயையும் எடுத்து வா, என்னுடையது உப்புக் காற்றில் களிம்பேறிக் கிடக்கிறது.

73, அன்பு வாழ்த்துகள்