பரந்தனில் பார்க்க ஒன்றும் இல்லையாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வேல்ஸிலுள்ள பிளேனாவொன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரைப் பற்றிய பயணக் கட்டுரை வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் கடைசிப் பந்தியில், “எங்கள் வன்னியில் காடும் வயலும் குளமும்தான், காட்டுவதற்கு இப்படியொரு தொழில் மரபு இல்லை” என்று ஒரு வரி. எழுதியவர் சின்ன வயதிலேயே வெளிநாடு போயிருப்பார், அவரை விடுவோம். அதை அப்படியே அச்சுக்கு அனுப்பியபோது உங்களுக்குமா கிளிநொச்சிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஞாபகம் வரவில்லை?

அந்தச் சுரங்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். மகளிடம் போயிருந்தபோது மருமகன் கூட்டிக்கொண்டு போனார். பிக் பிட் என்ற அந்தச் சுரங்கத்தை 1980இல் மூடி, 1983இலேயே சனம் பார்க்கத் திறந்துவிட்டார்கள். 2000இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் அந்த இடம் ஏறிவிட்டது. இறங்குமுன் கைத்தொலைபேசி, பற்றரி போட்ட கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைக்கிறார்கள். ஒரு பொறி பட்டாலும் வாயு பற்றிக்கொள்ளும் என்று. தலையில் விளக்கு, இடுப்பில் அதற்குரிய பற்றரி. கூண்டில் 90 மீற்றர் கீழே போனோம். கூட்டிப்போனவரும் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளிதான். கரி இழுத்த குதிரைகளின் லாயத்தைக் காட்டினார். அங்கே குதிரைகளின் பெயர்கள்கூட எழுதி மாட்டியிருக்கின்றன. பரந்தனில் வேலை செய்த மனிதர்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது, ஐயா?

எங்கள் தொழிற்சாலை 1950களில் வந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதில் மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். சவர்க்காரம் செய்யக் கோஸ்டிக், குடிநீர் சுத்திகரிக்கக் குளோரீன். இரண்டும் இந்தப் ‘காட்டிலிருந்து’தான் நாட்டுக்குப் போயின. என் ஐயா அங்கே வேலை செய்தவர். அவருடைய சட்டையை அம்மா மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனி வாளியில்தான் ஊறப்போடுவா. இடது கையில் கோஸ்டிக் தெறித்த தழும்பு, தோல் சுருங்கிப் பளபளவென்று, சாகும்வரை இருந்தது. 1985இல் யுத்தத்தோடு எல்லாம் நின்றுபோனது. அதன்பிறகு எத்தனை அரசாங்கம் வந்தது, எத்தனை அமைச்சர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு “மீண்டும் தொடங்குவோம்” என்று சொல்லிப் போனார்கள் என்பதை உங்கள் பத்திரிகைதான் படத்தோடு போட்டது.

உங்களுக்கும் வன்னி என்றால் யானை அடித்த செய்தி, இரணைமடு வான்கதவு திறந்த செய்தி, வெள்ள நிவாரணச் செய்தி. யாழ்ப்பாணத்து உறவுகளுக்கோ தேனும் மான் வத்தலும். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் கிளிநொச்சியில் யுத்தத்தில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும் ஆனையிறவில் யுத்த நினைவாக மேடை கட்டி வைத்த புல்டோசரையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றுக்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது. அந்த இரண்டுக்கும் இடையில்தான் பரந்தன். பஸ் அங்கே தேத்தண்ணிக்கும் நிற்பதில்லை. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று இருந்ததே, அதையும் சொல்லத் தொடங்கினால் கடிதம் நீளும்.

பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் அனுமதி கேட்டேன். கடிதம் தரச் சொன்னார்கள், கொடுத்தேன். இன்னொரு மேசைக்குப் போகச் சொன்னார்கள், போனேன். அங்கே இருந்த தம்பி கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “அங்க என்ன ஐயா பாக்கப் போறியள், பத்தைதானே?” என்றார். பத்தைதான், தம்பி. பிளேனாவொனிலும் விட்டிருந்தால் பத்தைதான் வளர்ந்திருக்கும்.

இப்போது பரந்தனில் கைத்தொழில் வலயம் வரும் என்கிறார்கள். வரட்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் முதல் நாள் நிலத்தைத் துப்புரவாக்க வருகிற இயந்திரத்துக்கு எது குப்பை, எது ஐயாமார் வேலை செய்த இடம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

சரி, உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. யுனெஸ்கோவுக்கு எழுதச் சொல்லவில்லை. தொழிற்சாலை இயங்கிய காலத்துப் படம், சம்பளத் துண்டு, அடையாள அட்டை எதுவும் வைத்திருப்பவர்களும், அங்கே வேலை செய்து இன்னும் உயிரோடு இருப்பவர்களும் உங்கள் அலுவலகத்துக்கு எழுதும்படி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். மரண அறிவித்தல் பக்கத்தின் மூலையில் என்றாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தைத்தான் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பார்கள். உங்கள் பழைய இதழ்க் கட்டுகளில் அந்தத் தொழிற்சாலையின் படம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
பரந்தன்.