செல் மாற்றுவது பாதி வேலைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லேப்டாப் பேட்டரியில் தேய்ந்துபோன செல்களை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். மாற்றலாம்தான். ஆனால் "பழையதை எடுத்துவிட்டுப் புதிய செல்லை ஈயம் வைத்து ஒட்டினால் போதும்" என்று ஒரே வரியில் முடித்திருப்பது ஆபத்து. அந்த வரியை நம்பி இறங்குகிறவர்களுக்காக இந்தக் கடிதம்.

முதலில், எல்லா பேட்டரியிலும் இது நடக்காது. கழற்றி மாட்டக்கூடிய தடித்த பேட்டரிகளில்தான் பெரும்பாலும் 18650 எனும் உருளை செல்கள் இருக்கும் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்). ஆறு செல் பேட்டரி என்றால் இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் கோத்து, அந்த மூன்று ஜோடிகளையும் தொடராக இணைத்திருப்பார்கள். மேலே 10.8 அல்லது 11.1 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது அதனால்தான். மெல்லிய லேப்டாப்புகளில் இருப்பது தட்டையான பை போன்ற செல். அதை நெம்பவோ குத்தவோ கூடாது. முழு பேட்டரியாக மாற்றுவதே வழி. உப்பியிருந்தால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

உறையைத் திறக்கும் முன் சார்ஜைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய விளிம்பைப் பிளாஸ்டிக் பட்டையால் பிளக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் நேராக செல்லில் போய்க் குத்தும். செல்லின் உடம்பு முழுவதும் மைனஸ், மேல் மூடி மட்டுமே பிளஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளையம்தான் தடுப்பு. மேலுறை கிழிந்த இடத்தில் செல்களை இணைக்கும் உலோகப் பட்டை உரசினால் ஷார்ட்.

தங்கள் குறிப்பு விட்டுவிட்ட முக்கியமான ஆள், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு. அதிலுள்ள சிப் பாதுகாப்போடு கணக்கும் வைக்கிறது: எத்தனை முறை சார்ஜ் ஆனது, முழுக் கொள்ளளவு எவ்வளவு என்றெல்லாம். அதற்கு மின்சாரம் இந்த செல்களிலிருந்தே வருகிறது. செல்லைத் துண்டித்த கணமே சில சிப்கள் பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நல்ல செல் வைத்தாலும் லேப்டாப் சார்ஜ் ஏற்றாது. "புது செல் போட்டும் வேலை செய்யவில்லை" என்று வருகிற பேட்டரிகளில் பலவற்றின் கதை இதுதான். ஏதாவது ஒரு ஜோடி மிகவும் கீழே இறங்கியிருந்தால், சிப் அதை நிரந்தரப் பழுது என்று குறித்துவைத்து மூன்று கால் ஃபியூஸையும் எரித்திருக்கலாம். ஆகவே செல் வாங்கும் முன்பே மல்டிமீட்டரில் அந்த ஃபியூஸின் தொடர்ச்சியைப் பாருங்கள். வெளிக் கனெக்டரில் பூஜ்யம் காட்டுவதை வைத்து மட்டும் முடிவுக்கு வரவேண்டாம். லேப்டாப்பில் மாட்டினால்தான் வெளியே வோல்ட் விடுகிற பேட்டரிகள் நிறைய உண்டு.

சிப்பைப் பசியில் விடாமல் மாற்றவும் வழி இருக்கிறது. புதிய செல்களைத் தனியாகக் கோத்து முடித்து, ஒவ்வொரு ஜோடியையும் பழைய ஜோடியின் வோல்ட்டேஜுக்கு 0.05 வோல்ட் இடைவெளிக்குள் கொண்டுவந்து, இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்த பிறகே பழையதை விடுவிப்பது. இடைவெளி அதிகமானால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெருமின்னோட்டம் பாயும். பழைய செல்லில் ஒன்று செத்திருந்தால் இந்த வழி இல்லை. அப்போது செல்களிலிருந்து போர்டுக்குப் போகும் கம்பிகளை, தொடரின் உச்சியில் உள்ள பிளஸ்ஸில் தொடங்கி வரிசையாகக் கழற்றி, மைனஸைக் கடைசியாக எடுங்கள். மாட்டும்போது மைனஸ் முதலில், பிறகு கீழிருந்து மேலாக. வரிசை மாறினால் சிப்பின் உள்ளீடுகள் எரியலாம். கழற்றும் முன் கம்பிகளைப் படம் எடுத்துவைப்பது நல்லது.

ஈயம் வைப்பதைப் பற்றி. செல்லுக்குள் இரு மின்முனைகளையும் பிரிக்கும் பாலிஎதிலீன் படலம் சுமார் 130 டிகிரியில் உருகத் தொடங்கும். சால்டரிங் அயர்னின் முனையோ 300-ஐத் தாண்டும். பிளஸ் மூடிக்கடியில் உள்ள அடைப்பும் சூட்டில் இளகும். செல் அன்றே கெடாவிட்டாலும், பிறகு கசியலாம். 0.15 மி.மீ. நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் வைப்பதே முறை. அந்த மெஷின் இல்லாதவர்கள் பட்டை வைத்தே விற்கும் செல்லை வாங்கி, செல்லைத் தொடாமல் பட்டையின் நுனியில் மட்டும் ஈயம் வைக்கலாம்.

செல்கள் ஆறும் ஒரே மாடல், ஒரே பேட்ச், எல்லாம் புதியவை. கோக்கும் முன் ஒன்றுக்கொன்று 0.02 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 18650-இல் கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர்-மணி (mAh) என்று அச்சிட்டிருந்தால் போலி. நல்ல செல்லே 3500 பக்கம்தான் நிற்கும், எடையும் 45 கிராம் அளவுக்கு இருக்கும். முழு சார்ஜ் வரம்பும் பழைய செல்லுக்குச் சமமாக இருக்க வேண்டும். 4.35 வோல்ட் பேட்டரியில் 4.2 வோல்ட் செல் போட்டால் ஒவ்வொரு முறையும் அது மிகையாகச் சார்ஜ் ஏறும். வெப்பம் அறியும் தெர்மிஸ்டரை மறக்காமல் செல்லோடு ஒட்டுங்கள்.

முதல் சார்ஜைக் கட்டிலில் வைத்துச் செய்யாதீர்கள். எரியாத தரையில், கண்பார்வையில். கை வைக்க முடியாத சூடு வந்தால் உடனே நிறுத்துங்கள். சிப்புக்கு இன்னும் பழைய கொள்ளளவே நினைவில் இருக்கும். ஒருமுறை முழுதும் ஏற்றி, தானே அணையும் வரை ஓட்டி, இடையில் நிறுத்தாமல் மீண்டும் முழுதும் ஏற்றினால் சதவீதக் கணக்கு ஓரளவு சரியாகும். அதற்கு முன் 30 சதவீதத்தில் திடீரென்று அணைந்தால் செல்லைக் குறை சொல்ல வேண்டாம்.

கழற்றிய செல்களின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் வேண்டாம்.

இப்படிக்கு,
பேட்டரி பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்