டிரம்ஸ் வாசித்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு 2023 அக்டோபர் 20 அன்று வெளியிட்ட ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பத்தைப் பற்றிய மதிப்புரையைப் படித்தேன். ஆங்கில ராக் இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்குவதே அரிது என்பதால் குறை சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், பன்னிரண்டு பாடல்களுக்கும் ஸ்டீவ் ஜோர்டான் டிரம்ஸ் வாசித்திருக்கிறார் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பிழை. ஏழாவது, எட்டாவது பாடல்களில் வாசித்திருப்பவர், 2021 ஆகஸ்ட் 24 அன்று தமது 80 வயதில் லண்டனில் மறைந்த, இக்குழுவின் நெடுநாள் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ். பன்னிரண்டாவது பாடலில் டிரம்ஸே கிடையாது.

ஒரு வரித் திருத்தத்தில் முடிந்துவிடக்கூடிய செய்திதானே இது என்று தாங்கள் எண்ணக்கூடும். நானும் அஞ்சலட்டை ஒன்றில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மதிப்புரையை இரண்டாம் முறை படித்தபோது, யார் எந்தப் பாடலில் வாசித்தார் என்பதைக் கவனியாமல் விட்டதனால்தான் கட்டுரையின் மற்ற முடிவுகளும் கோணலாகிவிட்டன என்று எனக்குப் பட்டது. இளமையில் திருச்சியில் மெல்லிசைக் குழு ஒன்றில் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தவன் என்ற முறையில், பாடகரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் கையைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. 2003 ஏப்ரலில் இக்குழு பெங்களூருக்கு வந்தபோதும், கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டு, மேடையோரத் திரையில் சார்லி வாட்ஸ் எப்போது காட்டப்படுவார் என்றே காத்திருந்தேன்.

முதலில், ‘பதினெட்டு ஆண்டு மௌனம்’ என்று கட்டுரையாளர் குறிப்பிடுவதை எடுத்துக்கொள்கிறேன். 2005 செப்டம்பரில் வெளியான ‘எ பிக்கர் பேங்’ ஆல்பத்துக்குப் பிறகு இக்குழு புதிதாக எழுதிய பாடல்களைக் கொண்ட முழு ஆல்பம் எதுவும் வரவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் மௌனமாக இருந்ததே இல்லை. 2012-இல் பொன்விழாக் கச்சேரிகளை நடத்தினார்கள்; 2016 மார்ச்சில் கியூபாவின் ஹவானா நகரில் திறந்தவெளியில் இலவசமாக வாசித்தார்கள்; அதே ஆண்டு டிசம்பரில், சிகாகோ நகரின் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த பழைய ப்ளூஸ் பாடல்களை மூன்றே நாட்களில் ஒலிப்பதிவு செய்து ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள்; 2020-இல் ஊரடங்கு நாட்களில் தனிப்பாடல் ஒன்றும் வந்தது. நின்றுபோனது வாசிப்பு அல்ல, பாடகர் மிக் ஜாகரும் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து புதுப் பாடல்களை எழுதி முடிப்பதுதான். இடையில் ஒலிப்பதிவுகள் தொடங்குவதும் பாதியில் நிற்பதுமாக இருந்து, கடைசியில் 2023-ஆம் ஆண்டு காதலர் தினத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று ஜாகர் கெடு வைத்த பிறகுதான் வேலை நடந்தது. இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டு வந்த இருவரை அந்தக் கெடுவுக்கு உடன்பட வைத்தது, டிரம்ஸுக்குப் பின்னாலிருந்தவரின் மரணமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இதற்கு நான் சான்று காட்ட முடியாது.

வாட்ஸ் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசவே இயலாது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ராக் இசையின் நான்கு எண்ணிக்கைத் தாளத்தில், வலது கை ஹை-ஹாட் எனப்படும், ஜால்ராவைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கியில் பொருத்திய இரு உலோகத் தட்டுகளின் மேல் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். இடது கை, இரண்டாவது எண்ணிக்கையிலும் நான்காவது எண்ணிக்கையிலும் ஸ்னேர் எனும் சிறு டிரம்மின் மீது ஓங்கி விழும். கற்றுக்கொடுக்கும் எவரும் இப்படித்தான் கற்றுக்கொடுப்பார்கள். வாட்ஸ் மட்டும், இடது கை ஸ்னேரில் விழும் கணத்தில் வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து எடுத்துவிடுவார். அடி விழும் நேரத்தில் மற்ற ஓசை எதுவும் கூட இராது. அந்த ஒரு துளி வெற்றிடம் ஸ்னேரின் ஒலியைத் தனியே நிறுத்திக் காட்டுவதோடு, தாளத்தை மயிரிழை அளவு பின்னுக்கும் இழுக்கும். காதால் கேட்டு இதைப் புரிந்துகொள்ள முடியாமல் நான் ஆண்டுக்கணக்கில் திணறியிருக்கிறேன். காணொளியில் அவர் கையைப் பார்த்த அன்றுதான் விளங்கியது. அதன் பிறகும் எனக்கு அது வரவில்லை என்பது வேறு கதை.

இதோடு மற்றொன்றும் உண்டு. பொதுவாக ஒரு குழுவில் எல்லோரும் டிரம்ஸைப் பின்பற்றி வாசிப்பார்கள். இந்தக் குழுவிலோ டிரம்ஸ் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரைப் பின்பற்றுவார் என்று, 1993-இல் விலகிய பேஸ் கிட்டார் கலைஞர் பில் வைமன் விளக்கியிருக்கிறார். கிட்டார் முன்னே போகும், டிரம்ஸ் ஒரு நூலிழை பின்னே வரும், பேஸ் அவற்றையொட்டி நகரும். எங்கே அவிழ்ந்து விழுந்துவிடுமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும், ஆனால் விழாது. சுருதி மாதா, லயம் பிதா என்று கேட்டு வளர்ந்த நம் காதுக்கு முதலில் இது கட்டுக்கோப்பில்லாத வாசிப்பாகத் தோன்றலாம். இந்தக் குழுவின் அடையாளமே அந்த ஆட்டம்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆல்பத்தைக் கேட்டால், கட்டுரையாளர் ‘ஒரே சீரான வேகம்’ என்று பாராட்டும் முதல் ஆறு பாடல்களில் எனக்கு ஏற்பட்ட சிறு ஏமாற்றத்தின் காரணம் விளங்கும். ஸ்டீவ் ஜோர்டான் சாதாரணக் கலைஞர் அல்லர். 1980-களின் இறுதியிலிருந்து கீத் ரிச்சர்ட்ஸின் தனிக்குழுவில் வாசித்தவர். 2021-இல் வாட்ஸ் சுற்றுப்பயணத்துக்கு வர இயலாத நிலையில் அவருடைய இடத்தில் அமர்ந்தவர். தமக்குப் பின் அவரே வாசிக்க வேண்டும் என்று வாட்ஸ் முன்பே சொல்லியிருந்ததாக ரிச்சர்ட்ஸ் கூறியிருக்கிறார். ஜோர்டானின் அடி தூண் நட்டது போல் விழுகிறது. ‘ஆங்கிரி’ பாடலைத் தூக்கி நிறுத்துவதே அந்த அடிதான். ஆனால் தூண் நட்ட இடத்தில் ஊஞ்சல் ஆடாது. அவர் சரியாக வாசிக்கிறார், கூடவே குழுவும் சரியாக வாசிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஏழாவதாக ‘மெஸ் இட் அப்’ ஒலிக்கும்போது, தட்டில் பெயரைப் பார்க்காமலேயே ஆள் மாறியிருப்பதைக் காது சொல்லிவிடுகிறது. அதுவும் நடன மண்டபத்துக்காகவே செய்தது போன்ற, டிஸ்கோ சாயல் கொண்ட பாடல்; ஆல்பத்திலேயே இலகுவான பாடல் என்றுகூடச் சொல்லலாம். ‘கனமில்லாத பாட்டு’ என்று மதிப்புரை அதை ஒதுக்குகிறது. கனம் இல்லைதான். அடுத்து வரும் ‘லிவ் பை த ஸ்வார்ட்’ பாடலை மதிப்புரை ஒரு வாக்கியத்தில், அதுவும் எல்ட்டன் ஜான் பியானோ வாசித்திருக்கிறார் என்பதற்காக மட்டும், குறிப்பிட்டுக் கடந்துவிட்டது. இவ்விரு பாடல்களுக்கும் வாட்ஸ் 2019-இல் டிரம்ஸ் பதிவுசெய்திருந்தார். அவர் மறைந்த பிறகு, 86 வயதில் இருந்த பில் வைமனை அழைத்து, எட்டாவது பாடலில் அந்தப் பதிவின் மேல் பேஸ் கிட்டார் வாசிக்கச் செய்திருக்கிறார்கள். 1963 முதல் முப்பது ஆண்டுகள் அருகருகே நின்று தாளத்தைச் சுமந்த இருவர், வைமன் குழுவை விட்டு விலகி முப்பது ஆண்டுகள் கழித்து, ஒருவர் இல்லாத காலத்தில் மற்றவர் வந்து, மீண்டும் ஒரு பாடலில் சேர்ந்திருக்கிறார்கள். குழுவின் மறுவருகை என்ற சொல் இந்த ஆல்பத்தில் எங்கேனும் பொருந்துமென்றால் அது இந்த நான்கு நிமிடங்களுக்குத்தான் பொருந்தும்.

விருந்தினர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதிப்புரையின் பாதி இடத்தை அவர்களே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி ‘பைட் மை ஹெட் ஆஃப்’ பாடலில் பேஸ் வாசித்திருப்பதை ‘பகை முடிந்து கைகுலுக்கிய தருணம்’ என்று கட்டுரையாளர் வர்ணிக்கிறார். இரு குழுக்களுக்கிடையே பத்திரிகைகள் வளர்த்த அந்தப் பகை தொடங்குவதற்கு முன்பே, 1963-இல் ஸ்டோன்ஸ் வெளியிட்ட இரண்டாவது இசைத்தட்டின் பாடலை எழுதிக் கொடுத்தவர்கள் பீட்டில்ஸின் ஜான் லெனனும் மெக்கார்ட்னியும்தான். ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ பாடலில் லேடி காகாவின் குரல் ஜாகரின் குரலோடு மோதி ஏறுவதும், ஸ்டீவி வொண்டர் அதற்கடியில் வாசித்துக்கொண்டிருப்பதும் உண்மையிலேயே அருமை. அதில் கட்டுரையாளரோடு எனக்குச் சிறிதும் வேறுபாடு இல்லை. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் 1990-இல் பிறந்தவர். ராக் பாடகர்கள் ஆஸி ஆஸ்பர்னுக்கும் இக்கி பாப்புக்கும் அவர்களுடைய முதிய வயதில் ஆல்பம் செய்து கொடுத்தவர். ஜஸ்டின் பீபரோடும் பணியாற்றியவர். ஒவ்வொரு கருவியையும் கழுவித் துடைத்து முன்வரிசையில் நிறுத்தும் அவருடைய பாணி, கைப்பேசியில் கேட்பவர்களுக்கு ஏற்றதாக இருக்கலாம். எனக்கு அது, பழைய ஓட்டு வீட்டுக்கு மின்னும் பெயின்ட் அடித்தது போலிருக்கிறது.

‘எண்பது வயதில் இந்த ஆட்டம் தேவையா’ என்ற கேள்வியோடு மதிப்புரை முடிகிறது. ஆல்பம் வெளியானபோது ஜாகருக்கு 80 வயது, ரிச்சர்ட்ஸுக்கு 79, மற்றொரு கிட்டார் கலைஞர் ரான் வுட்டுக்கு 76 என்பதை அவர்கள் மறைக்கவில்லை. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் புரவலராக இருந்தது, ஐம்பது வயது கடந்தவர்களுக்கான அமெரிக்க அமைப்பாகிய ஏ.ஏ.ஆர்.பி. தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர்களைப் பார்த்து வயதைச் சுட்டுவதில் பயனில்லை. ஆல்பத்தின் பெயரே, காரின் கண்ணாடியை உடைத்துத் திருடிய பின் தெருவில் சிதறிக் கிடக்கும் சில்லுகளுக்கு லண்டனின் கொச்சை வழக்கில் உள்ள கேலிப் பெயர். அதைக் கட்டுரையாளர் ‘ஹாக்னியில் கிடைக்கும் வைரங்கள்’ என்று விளக்கியிருப்பது இன்னொரு திருத்தத்துக்கு உரியது.

இறுதியாக, பன்னிரண்டாவது பாடல். ‘இடத்தை நிரப்பச் சேர்த்த பழைய பாட்டு’ என்று மதிப்புரை அதை முடித்துவிட்டது. எனக்கு மிகுந்த வருத்தம் தந்த வரி அது. 1961-இல் லண்டனுக்கு அருகிலுள்ள டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சந்தித்தபோது, ஜாகரின் கையில் ராக் கலைஞர் சக் பெரியின் இசைத்தட்டோடு சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் இசைத்தட்டும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். மறு ஆண்டு, முதல் கச்சேரிக்குப் பெயர் தேவைப்பட்டபோது, குழுவைத் தொடங்கிய கிட்டார் கலைஞர் பிரையன் ஜோன்ஸ் பெயரை எடுத்தது மடி வாட்டர்ஸ் 1950-இல் பாடிய ‘ரோலிங் ஸ்டோன்’ பாடலிலிருந்துதான். தமக்குப் பெயர் கொடுத்த பாடலை அறுபத்தொரு ஆண்டுகள் ஆல்பம் எதிலும் பதிவு செய்யாதவர்கள், இப்போது ‘ரோலிங் ஸ்டோன் ப்ளூஸ்’ என்ற பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள். பாடுவது ஜாகர், மவுத் ஆர்கனும் அவரே, கிட்டார் ரிச்சர்ட்ஸ். வேறு யாருமில்லை. மடி வாட்டர்ஸின் மூலப் பதிவிலும் ஒரு குரலும் ஒரு மின் கிட்டாரும் மட்டுமே உண்டு, டிரம்ஸ் இல்லை. ரிச்சர்ட்ஸ் கம்பியைச் சுண்டிவிட்டுத் தாமதிக்கும் இடங்களில், அடுத்த அடி எங்கே விழும் என்று என் இடது கை தொடையின் மேல் தேடிக்கொண்டிருந்தது.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், ஏழு, எட்டு ஆகிய பாடல்களில் டிரம்ஸ் சார்லி வாட்ஸ், பன்னிரண்டில் எவருமில்லை, ஏனையவற்றில் ஸ்டீவ் ஜோர்டான் என்று பாடல் எண்களோடு அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.